வரியும் கேள்வியும்



அரசு என்று ஒன்று தோன்றிய நாள் முதல் வரி என்பதும் இருந்து வருகிறது. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு என்றும், சுங்கம் என்றும், தீர்வை என்றும் அதன் பெயர்கள் மாறினவேயன்றி, குடிகள் கொடுப்பதும் கோல் பிடித்தவர் வாங்குவதும் மாறவில்லை. ஆனால் வாங்கியவர் பலர் நடுவே எழுந்து நின்று, "இதை ஏன் வாங்கினேன், எவ்வளவு வாங்கினேன், யாரிடம் வாங்கினேன்" என்று விடை கூறக் கடமைப்பட்டிருத்தல் மிகப் புதிய செய்தி. நம் நாட்டில் அக்கடமை ஒரு நாளில் ஏற்பட்டதன்று. வரி விதிக்கும் அதிகாரம் ஒரு பக்கமும், கேள்வி கேட்கும் உரிமை மறு பக்கமும் நெடுங்காலம் போராடியதன் பயனாக அது நமக்குக் கிடைத்தது. அந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கியதில் இந்திய சர்க்காரின் கருவூலம் வறண்டு கடன் மலையாகக் குவிந்தது. அதைச் சீர்செய்வதற்காக இங்கிலாந்திலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவர் நிதி அங்கத்தினராக வந்து சேர்ந்தார். 'எகானமிஸ்ட்' என்னும் பத்திரிகையை நிறுவியவர் அவரே. 1860-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் வெளியிட்ட வரவு செலவுத் திட்டத்தில் இந்தியா அதுவரை அறியாத ஒரு வரி இடம்பெற்றது. அதுவே வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாயும் அதற்கு மேலும் ஈட்டுவோர் அனைவரும் ஐந்தாண்டுக் காலத்துக்கு அதைச் செலுத்த வேண்டும் என்றார்.

அன்று அவரை நோக்கிக் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி எவரும் இல்லை. சட்டசபையில் வீற்றிருந்தோர் யாவரும் ஆங்கில அதிகாரிகளும் நீதிபதிகளுமே. எனினும் எதிர்ப்புக் குரல் ஒன்று எழுந்தது. அது சென்னையிலிருந்து எழுந்தது என்பதும், எழுப்பியவர் சென்னை மாகாணத்தின் கவர்னரே என்பதும் வியப்பானவை. சர் சார்லஸ் டிரெவெல்யன் என்ற அந்தக் கவர்னர், இந்நாட்டு மக்களின் இயல்புக்கு இந்த வரி ஒவ்வாது என்று குறிப்பு எழுதினார். எழுதியதோடு நில்லாமல் அதைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார். மேலிடத்தின் முடிவை வெளிப்படையாக எதிர்த்த குற்றத்துக்காக அவர் அதே ஆண்டில் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனோ அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் டிரெவெல்யன் நிதி அங்கத்தினராகவே இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். அவருடைய பொறுப்பில் நிதி இருந்த 1865-ஆம் ஆண்டில் அந்த வருமான வரி புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. பின்னர் பல உருவங்களில் தோன்றி மறைந்த அவ்வரி 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது.

இந்த நிகழ்ச்சியில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. வரியைப் பற்றிக் கேட்க முறையான இடம் இல்லாத காலத்தில், கேட்டவர் கவர்னரே ஆயினும் பதவி இழக்க நேர்ந்தது. கேட்பதற்கு ஒரு மன்றம் வேண்டும். கேட்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். கேட்கப்படுபவர் விடையளித்தே தீர வேண்டும் என்ற விதியும் வேண்டும். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன.

1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டம் முதற்படியாகும். சட்டசபை அங்கத்தினர் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் வாக்களித்தல் கூடாது. கேள்வி கேட்கலாம், ஆனால் கிடைத்த விடையைப் பற்றி மறு கேள்வி கேட்டல் கூடாது என்று அச்சட்டம் வகுத்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா அரசர் முதற்கேள்வியைக் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பண்டங்கள் கொடுக்க வேண்டியிருப்பதால் கிராமத்துக் கடைக்காரர்கள் அடையும் துன்பம் பற்றியது அக்கேள்வி. வரி என்று பெயர் சூட்டப்படாத ஒரு வரியைப் பற்றியே இந்தியச் சட்டசபையின் முதற்கேள்வி அமைந்தது எனலாம்.

அடுத்த தலைமுறையில் கோபால கிருஷ்ண கோகலே இந்த உரிமைக்கு உயிர் ஊட்டினார். 1902-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உபரி காட்டப்பட்டபோது அதிகாரிகள் பெருமிதம் கொண்டனர். கோகலே அந்த உபரியையே குற்றச்சாட்டாக மாற்றினார். பஞ்சத்தால் மக்கள் நலிந்த ஆண்டுகளில் கருவூலத்தில் பணம் மிஞ்சுகிறதென்றால், அது நாட்டின் செழிப்பைக் காட்டவில்லை, வரியின் மிகுதியைத்தான் காட்டுகிறது என்பது அவர் வாதம். சர்க்காரின் எண்களைக் கொண்டே சர்க்காரை மடக்கும் வழியை அவர் காட்டினார். அப்போது உப்பு வரி மணங்கு ஒன்றுக்கு, அதாவது ஏறத்தாழ 82 ராத்தல் எடைக்கு, இரண்டரை ரூபாயாக இருந்தது. 1903-லும் 1905-லும் 1907-லும் படிப்படியாகக் குறைந்து அது ஒரு ரூபாயாயிற்று.

1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்கீழ், கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்க இடம் கிடைத்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1921-இல் கூடிய மத்திய சட்டசபையில் எந்த அங்கத்தினரும் துணைக் கேள்வி கேட்கும் நிலை ஏற்பட்டது. இது சிறிய மாறுதலாகத் தோன்றலாம். உண்மையில் இதுவே பெரிய மாறுதல். எழுதி அனுப்பிய கேள்விக்கு, காரியாலயத்தில் எழுதித் தந்த விடையை யாரும் படித்துவிடலாம். அதைத் தொடர்ந்து நான்கு திசைகளிலிருந்தும் எழும் துணைக் கேள்விகளுக்கு, கையில் தாள் இல்லாமல், பொருளை அறிந்தவர்தான் விடை சொல்ல முடியும்.

ஆயினும் விடை சொல்பவரை அகற்றும் அதிகாரம் சபைக்கு இல்லை. அந்தக் குறை 1923-இல் வெட்டவெளிச்சமாயிற்று. நிதி அங்கத்தினர் சர் பாசில் பிளாக்கெட் வரவு செலவுத் துண்டை நிரப்புவதற்காக, அப்போது ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக இரட்டிக்கக் கருதினார். சபை அதை மறுத்துத் தள்ளியது. வைசிராய் ரீடிங் பிரபு தமக்குரிய தனி அதிகாரத்தால் சான்றளித்து அதைச் சட்டமாக்கினார். மறு ஆண்டில் வரி பழைய அளவுக்கே இறங்கியது என்றாலும், சபையின் சொல்லுக்கு அதிகாரம் இல்லை என்பதை நாடு கண்டுகொண்டது. மண்டபத்துக்குள் விடை கிடைக்காத கேள்வி 1930-இல் கடற்கரைக்குச் சென்றது. காந்தியடிகள் தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்த நடை, ஒரு வகையில் அந்தக் கேள்வியின் தொடர்ச்சியே ஆகும்.

டில்லியில் வாழும் நேயர்கள், 1927-இல் திறக்கப்பட்ட அந்த வட்ட வடிவமான பழைய பாராளுமன்றக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1935 முதல் சில ஆண்டுகள், அங்குக் கேள்வி நேரத்தில் ஒலித்த தமிழர் குரல் ஒன்றைக் குறிப்பிடாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி, காங்கிரஸ் கட்சியின் துணைத்தலைவராக அச்சபையில் அமர்ந்திருந்தார். எதிரே நிதி அங்கத்தினர் சர் ஜேம்ஸ் கிரிக். ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வியைப் பிறப்பித்து, அதிலிருந்து மற்றொன்றைப் பிறப்பித்து, அதிகாரிகளைத் திணற வைப்பதில் சத்தியமூர்த்தி வல்லவர் எனப் பெயர் பெற்றார். சபை திருத்திய அல்லது தள்ளிய நிதி மசோதாக்களை வைசிராய் மீண்டும் மீண்டும் சான்றளித்து நிறைவேற்றியதும் அந்த ஆண்டுகளில்தான். வாக்கினால் வரியை நிறுத்த இயலாதவர்கள், கேள்வியினால் அதன் நியாயத்தைச் சோதித்தனர். 1943-இல் மறைந்த சத்தியமூர்த்தி, நிதி மந்திரியை மக்கள் சபையே நீக்கக்கூடிய நாளைக் காணவில்லை.

அந்த நாள் விரைவிலேயே வந்தது. 1947 பிப்ரவரியில் இடைக்கால சர்க்காரின் நிதிப் பொறுப்பை வகித்த லியாகத் அலி கான் சமர்ப்பித்த திட்டத்தில் உப்பு வரி ஒழிந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26-ஆம் நாள் சமர்ப்பித்தவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாத காலத்துக்கான அத்திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய். முன்பு அதே மத்திய சட்டசபையின் தலைவராக இருந்து பிறர் கேள்விகளை ஒழுங்கு செய்தவர், இப்போது விடை சொல்லும் ஆசனத்தில் அமர்ந்தார். வரி ஏய்ப்பு விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பிய வழக்குகளில் சில திரும்பப் பெறப்பட்டது குறித்துச் சபையில் கேள்விகள் எழுந்தபோது, 1948 ஆகஸ்டில் அவர் பதவியை விட்டு விலகினார். வரி பற்றிய கேள்விக்கு ஒரு நிதி மந்திரியின் பதவியே விடையாக அமைவது சுதந்திர நாட்டில்தான் இயலும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று 265-ஆம் பிரிவில் விதித்தது. நிதி மசோதாவை ஏற்கும் அல்லது மறுக்கும் அதிகாரம் லோக் சபைக்கே உரியது. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை ராஜ்ய சபைக்கும் உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும். வரியைத் தடுக்க முடியாத சபையும் வரிக்குக் காரணம் கேட்கலாம். வாக்கு வேறு, கேள்வி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. பெரும்பான்மைக் கட்சி எந்த வரியையும் வாக்கினால் நிறைவேற்றிவிடும். அந்த வரி நியாயமானதா என்பது கேள்வி நேரத்தில்தான் வெளிப்படும்.

இதற்குச் சிறந்த உதாரணம் 1957-ஆம் ஆண்டு. நிதி மந்திரியாக இருந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பெரும் பொருள் தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் கால்டார், இந்திய வரி முறையை ஆராய்ந்து 1956-இல் ஓர் அறிக்கை அளித்திருந்தார். ஒருவர் ஈட்டும் வருமானம், சொத்து விற்பனையில் பெறும் ஆதாயம், வைத்திருக்கும் செல்வம், செய்யும் செலவு, கொடுக்கும் நன்கொடை ஆகிய ஐந்துக்கும் வரி விதித்தால், ஒரு கணக்கு மற்றொரு கணக்குக்குக் காவலாக நிற்கும் என்பது அவர் கருத்து. வருமானத்தை மறைப்பவர் செலவில் அகப்படுவார். செலவை மறைப்பவர் செல்வத்தில் அகப்படுவார். இவ்வாறு வலையை இறுக்கிய பின், வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதமாகக் குறைத்துவிடலாம் என்றும் அவர் கூறினார்.

கிருஷ்ணமாச்சாரி 1957 மே மாதத்தில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். இரண்டு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட செல்வமுடைய தனி மனிதர்க்கு முதல் வரி. ஆண்டு வருமானம் 36,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்க்கு இரண்டாவது. ஆனால் உச்ச விகிதம் ஏறத்தாழ 92 சதவீதத்திலிருந்து 84 சதவீதத்துக்கே இறங்கியது. உழைத்துப் பெறும் வருமானத்துக்கு 77 சதவீதம். அதே திட்டத்தில் வருமான வரி விலக்கு எல்லை 4,200 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகத் தாழ்ந்தது. சர்க்கரை, தேயிலை முதலியவற்றின்மீது உற்பத்தி வரியும் கூடியது. செல்வருக்குப் புதிய வரி என்ற பேச்சு பெரிதாக ஒலித்தபோது, டில்லியிலும் பம்பாயிலும் காரியாலயங்களில் எழுத்து வேலை பார்த்து ஊருக்கு மணியார்டர் அனுப்பிய குடும்பங்கள் பல, முதன்முறையாக வருமான வரியின் எல்லைக்குள் வந்தன.

ஆகவே சபையில் இரு திசையிலிருந்தும் வினாக்கள் எழுவது இயல்பே. ஒருவர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவு செய்தார் என்று அதிகாரி ஆராய்வது தகுமா என்று ஒரு சாரார் கேட்டனர். ஏழை வாங்கும் பண்டங்களின் வரியால் வருவது எவ்வளவு, செல்வரின் புதிய வரிகளால் வருவது எவ்வளவு என்று மறு சாரார் கேட்டனர். இரண்டாவது கேள்விக்கு விடை எண்ணாகவே அமைய முடியும். எண்ணோ சங்கடமானது. செலவு வரியால் கிடைத்த தொகை மிகச் சொற்பமாக இருந்தது. 1962-இல் மொரார்ஜி தேசாய் அதை நீக்கினார். 1964-இல் மீண்டும் நிதி மந்திரியான கிருஷ்ணமாச்சாரி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1966-இல் சச்சின் சௌத்ரி அதை மறுபடியும் ஒழித்தார்.

கிருஷ்ணமாச்சாரி முதன்முறை பதவி இழந்ததற்கும் ஒரு கேள்வியே தொடக்கம். அது வரியைப் பற்றியதன்று. 1956-இல் தேசிய உடைமையான ஆயுள் இன்ஷூரன்ஸ் துறையின் பணத்தைப் பற்றியது. அந்தக் கார்ப்பரேஷன் முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ரூபாயை முதலீடு செய்தது குறித்து 1957-இல் லோக் சபையில் கேள்விகள் எழுந்தன. முதலில் அளித்த விடைகள் போதவில்லை. பெரோஸ் காந்தி டிசம்பரில் விவரங்களை அடுக்கிப் பேசினார். நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி விலகினார். ஆளும் கட்சியின் அங்கத்தினரே தம் கட்சி மந்திரியைக் கேள்வியால் மடக்கினார் என்பது இதன் சிறப்பு. அந்த மாத இறுதியில் பிரதமர் நேருவே வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்து நன்கொடை வரியையும் அறிவித்தார்.

இனி, நிதி மந்திரி எவ்வாறு விடை கூறுகிறார் என்பதைப் பார்ப்போம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு வாயால் விடை கூற வேண்டும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் விடை போதும். வரி விஷயத்தில் மந்திரிக்கு மூன்று கேடயங்கள் உண்டு. முதலாவது, வரவு செலவுத் திட்டம் வெளியாகும்வரை எந்த வரி ஏறும், எது இறங்கும் என்று சொல்லலாகாது. ஆகவே "யோசனை கவனத்தில் உள்ளது" என்பதோடு நிற்பார். இரண்டாவது, தனி மனிதரின் வரிக் கணக்கு இரகசியம். 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு அதைக் கடுமையாகக் காத்தது. மூன்றாவது, "விவரங்கள் சேகரிக்கப்படுகின்றன" என்ற விடை. இந்த மூன்றாவது கேடயம் அளவுக்கு மீறிப் பயன்படாதிருக்க, சபாநாயகர் மவ்லங்கர் காலத்தில், 1953-இல், சர்க்காரின் வாக்குறுதிகளைக் கண்காணிக்கும் குழு ஒன்றை லோக் சபை அமைத்தது. மந்திரி தருவதாகச் சொன்ன விவரம் வந்து சேர்ந்ததா என்று அக்குழு கணக்கு வைக்கிறது.

பிற்கால வரலாறு இந்த எண்களின் வலிமையை மேலும் காட்டுகிறது. 1973-74-இல் வருமான வரியின் உச்ச விகிதம், மேல்வரியையும் சேர்த்து, 97.75 சதவீதத்தை எட்டியிருந்தது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாயே கையில் நிற்கும் என்றால், மனிதர் ஈட்டுவதை விடுவாரா, கணக்கில் காட்டுவதை விடுவாரா என்ற கேள்விக்கு விடை கடினமன்று. வாஞ்சூ குழு உயர்ந்த விகிதமே ஏய்ப்புக்குத் தூண்டுதல் என்றது. 1976-இல் சி. சுப்பிரமணியம் அதை 66 சதவீதமாக்கினார், 1997-இல் ப. சிதம்பரம் 30 சதவீதமாக்கினார். 1953-இல் சி. டி. தேஷ்முக் காலத்தில் வந்த மரணச் சொத்து வரி, சுமார் 20 கோடி ரூபாயே தருகிறது, அதை வசூலிக்கும் செலவோ அதிகம் என்ற காரணத்தால் 1985-இல் வி. பி. சிங்கால் நீக்கப்பட்டது. நன்கொடை வரி 1998-இல் நின்றது. செல்வ வரியால் 2013-14-இல் கிடைத்தது 1,008 கோடி ரூபாயே என்று கூறி, 2015-இல் அருண் ஜேட்லி அதையும் நீக்கி, ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானமுள்ளோர்மீது கூடுதலாக 2 சதவீத மேல்வரியை விதித்தார். கால்டார் விரித்த வலையின் இழைகள் இவ்வாறு ஒவ்வொன்றாக அறுந்தன. செல்வர்மீது வரி வேண்டுமா என்ற கொள்கை இன்னும் விவாதத்துக்குரியது. ஆனால் எவ்வளவு கிடைத்தது, என்ன செலவாயிற்று என்ற கேள்விக்குத் தக்க விடை சொல்ல இயலாத வரி நிலைத்து நிற்பது அரிது.

இன்று வேறொரு நிலை தோன்றியுள்ளது. 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியின் விகிதங்களை, மத்திய நிதி மந்திரியும் மாநில மந்திரிகளும் அடங்கிய கவுன்சில் பரிந்துரைக்கிறது. அங்கு மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தாலே முடிவு செல்லும். கூட்டாட்சிக்கு இது ஏற்றதே. எனினும் பாராளுமன்றத்தில் விகிதத்தைப் பற்றிக் கேட்டால், "இது கவுன்சில் ஆராய வேண்டிய விஷயம்" என்ற விடை எளிதில் கிடைக்கிறது. பலர் சேர்ந்து விதிக்கும் வரிக்கு யார் விடை சொல்வது என்பது இத்தலைமுறைக்கு உரிய கேள்வி. 2020 செப்டம்பரில், தொற்றுநோயைக் காரணமாகக் காட்டி, கேள்வி நேரம் அந்தக் கூட்டத்தொடரில் நடைபெறாமல் எழுத்து விடைகளே வழங்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்ததும், அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பை நாடு உணர்ந்திருப்பதற்கு அடையாளம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. புதிய வரி, பண்டம் விளைந்த இடத்துக்கு அன்றி, நுகரப்படும் இடத்துக்கே சேர்கிறது. காஞ்சியில் நெய்த சேலையை நீங்கள் மும்பையில் வாங்கினால், வரியின் மாநிலப் பங்கு மகாராஷ்டிரத்தைச் சேரும். கொல்கத்தாவில் வாங்கினால் மேற்கு வங்காளத்தைச் சேரும். வரி கொடுக்கும் இடத்தில் நாம் விருந்தினர் அல்லர், குடிகள். அங்கு வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்குமாயின், அத்தொகுதியின் அங்கத்தினர் எம்மொழி பேசுபவராயினும், நமக்காகக் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர். அவருக்கு ஒரு கடிதம் எழுதி, குறிப்பிட்ட வரியால் கிடைத்தது எவ்வளவு, யார் கொடுத்தது எவ்வளவு என்று கேட்கச் சொல்லலாம். அவர் கேட்டால் நிதி மந்திரி விடை அளித்தாக வேண்டும்.

1860-இல் ஒரு மாகாணத்தின் கவர்னர் பதவியை இழந்து கேட்ட கேள்வியை, இன்று சாதாரணக் குடிமகன் ஓர் அஞ்சல் தலைச் செலவில் கேட்பிக்கலாம். வரி கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணாமல், அதற்குரிய கேள்வியையும் நாம் கேட்டு வரவேண்டும்.